பெயர் இல்லாத பற்றுச்சீட்டு

எனக்கு இன்றுவரை கோபம் வருகிறது. வரி மேல் அல்ல, வரி அறவிட்ட அதிகாரி மேலும் அல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில், கொமர்ஸ் படித்த திமிரோடு பேனாவைத் திறந்த ஓர் இருபத்தைந்து வயது மடையன் மேல். (அவன் நான்தான். கையில் கிடைத்தால் அறைவேன்.)

கலியாணம் முடித்து மனைவி வீட்டில் குடியேறி ஆறு மாதமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அவளைப் பெற்ற வாப்பாவின் பாடு. என் மனைவியின் வாப்பாவான மாமா, மருதமுனைக் கைத்தறிச் சாரன் வாங்கி விற்கும் கடைக்காரர். எங்களுக்கு ஓட்டு வீடு தந்துவிட்டு, இளைய மகள் வாஹிதாவுக்குப் பக்கத்து வளவில் சுவர் எழுப்பியிருந்தார். ஓடு வாங்கக் காசும் சேர்த்துவிட்டார். கூரை ஏறினால் வாஹிதாவுக்குக் கலியாணம்.

அந்த நேரம் பார்த்து வரிப் படிவம் வந்தது.

"மருமகன், தெரிஞ்ச ஆளுட்டக் குடுத்து நிரப்புவமா?" என்று மாமா கேட்டார்.

"என்னத்துக்கு மாமா? நான் இரிக்கிறன்தானே."

வருமானத்தைச் சதம் தவறாமல் எழுதினேன். அடுத்த பக்கம் வருமானத்திலிருந்து கழிக்கக்கூடிய கழிவுகள்: காப்புறுதி கட்டினீர்களா, நன்கொடை கொடுத்தீர்களா என்று கேட்டிருந்தது. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. எல்லாக் கட்டங்களிலும் முத்து முத்தான எழுத்தில் "இல்லை" என்று எழுதினேன். அந்த எழுத்துக்காகத்தான் ஊர் அநாதை இல்லத்தில் என்னைக் காரியதரிசியாக்கிப் பற்றுச்சீட்டு எழுத வைத்திருந்தார்கள். மாதாமாதம் அங்கே வந்து காசு கொடுத்தவர் மாமா. அதற்குச் சீட்டு எழுதிய அதே கைதான் படிவத்தில் "இல்லை" என்றும் எழுதியது. இதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

கட்டவேண்டிய வரி என்று வந்த தொகை, கிட்டத்தட்ட வாஹிதாவின் கூரை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற மாமாதான் படிவத்தின் நகலை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "மருமகன், நன்கொட எண்டு இதுல ஒண்டு இரிக்கே?"

மட்டக்களப்பு வரிக் கந்தோருக்கு பஸ் ஏறினோம். மாமாவின் மடியில் ஒரு கட்டுச் சீட்டு. அதிகாரி பொறுமையான மனிதர். காப்புறுதிச் சீட்டை முதலில் பார்த்தார். காப்புறுதி மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று பள்ளியில் தர்க்கம் நடந்த காலம் அது. மாமா மாமிக்கும் தெரியாமல் கட்டி வந்திருந்தார். அதில் அவர் பெயர் பளிச்சென்று இருந்தது. அதிகாரி அதைக் கழித்துவிட்டார். ஆனால் அது சின்னத் தொகை.

பிறகு அநாதை இல்லத்துச் சீட்டுகளைப் புரட்டினார்.

"தம்பி, இதுல 'அல்லாஹ்வின் ஓர் அடியான்' எண்டு கிடக்கு. அது ஆர்?"

"மாமாதான் சேர். தர்மம் குடுத்தா எங்கட ஆக்கள் பேர் போடுற இல்ல."

"பேர் அல்லாஹ்வுக்குத் தெரியும் சேர்," என்றார் மாமா.

"அவருக்குத் தெரியும் ஐயா. எனக்கும் தெரியவேணுமே. இல்லத்துப் புத்தகத்தில?"

"அதிலயும் இதே பேர்தான்," என்றேன்.

அவர் சீட்டைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "படிவம் நிரப்பினது ஆர்?"

"நான்தான் சேர்."

"சீட்டு எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"இவருக்கு நீங்க என்ன முறை?"

"மருமகன்."

அவர் கோவையை மெதுவாக மூடினார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பொலிசைக் கூப்பிட்டிருப்பேன்.

ஓட்டுக் காசு வரிக்குப் போக, வாஹிதாவின் கலியாணம் தென்னோலைக் கிடுகுக் கூரையின் கீழ் நடந்தது. அன்று பார்த்து மாரி கொட்டியது. மாப்பிள்ளையின் தொப்பியில் சொட்டுச் சொட்டாக விழுந்ததை நானே எண்ணினேன். வேறெங்கும் பார்க்க எனக்கு முகம் இருக்கவில்லை.

அடுத்த மாதம் மாமா மறுபடியும் இல்லத்துக்குக் காசோடு வந்தார். "பேர் போடாதீங்க மருமகன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு கூரையே போயிட்டு மாமா. இன்னமுமா?"

"கூரைக்காகவா நான் குடுத்த?" என்றார். எழுதிக் கொடுத்தேன். பேனா நிப்பு வளையும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

வாஹிதாவின் வீட்டுக்கு ஓடு ஏற மூன்று வருடமானது. அவள் பேரப்பிள்ளை கண்டுவிட்டாள், ஆனாலும் அந்த மழையை மறக்கவில்லை. போன நோன்பில் பள்ளிக்கு நன்கொடை சேர்க்க வந்தவர் எங்கள் வாசலில் நின்று, "என்ன பேர் போட?" என்று என்னைக் கேட்டார். நான் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.

அக்காவைப் பார்க்க வந்து உள்ளேயிருந்த வாஹிதா முந்திக்கொண்டாள்.

"அல்லாஹ்வின் அடியான் எண்டே எழுதுங்க. மச்சான்ட கூர நல்லாத்தான் இரிக்கி."