இருபத்து மூன்று வீட்டுக்கு ஒரு வயர்

பத்து மணிக்கு ஒத்திகை பார்த்தபோது பிளஸ்ஸியின் முகம் திரையில் பாதி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. ஒரு வட்டம் மட்டும் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா, நெட்டு இழுக்கு. பதினோரு மணிக்கும் இப்பிடி நின்னா அவ்வளவுதான்.”

நேசையன் விடியும் முன்பே ரப்பர் தோட்டத்தில் முந்நூறு மரம் பால் வெட்டிவிட்டு வந்து, குளித்து, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். இன்டர்வியூ மகளுக்குத்தான். ஆனால் கேமராவில் தவறிப்போய்த் தகப்பனும் தெரிந்துவிட்டால்? நாற்பது கம்பெனிக்கு எழுதிப்போட்டதில் ஒன்றே ஒன்றுதான் கூப்பிட்டிருக்கிறது. கிடைத்தால் வீட்டிலிருந்தே வேலை. மகள் ஊரைவிட்டுப் போகவேண்டாம். அவர் நெஞ்சு காலையிலிருந்தே செண்டைமேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

திற்பரப்புக்குப் போகிற வழியில், மலைச்சரிவில் இருக்கிறது அவர்கள் தெரு. போனில் பேச்சு கேட்கும், படம் வராது. கேபிள்கார ஷாஜன் இழுத்துக்கொடுத்த ஒற்றை வயர்தான் இருபத்து மூன்று வீட்டுக்கும் கோயிலுக்கும் நெட்டு. நேசையன் ஷாஜனைக் கூப்பிட்டார்.

“மக்கா, ஒரு மணிக்கூர் எனக்க வீட்டுக்கு மட்டும் வேகத்தக் கூட்டிவிடு.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

“மாமா, போன மாசம் எக்ஸ்பிரஸ் பிளான்னு ஒண்ணு கொண்டுவந்தேனே. கூடக் குடுத்தா கூட வேகம். அன்னைக்கு மைக்கப் புடிச்சி என்ன சொன்னிய?”

நேசையனுக்கு நன்றாக நினைவிருந்தது. தெருக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தவர் அவர்தான். “கோயில் அசன விருந்துல முன்பந்திக்கு இறச்சி, பின்பந்திக்கு வெறுஞ்சாறுன்னு வெளம்புவமா? எல்லாரும் ஒரே தரையில இருந்து ஒரே சோறுதானே தின்னுகோம்? நெட்டும் அதுமாதிரிதான் இருக்கணும்!” தெருவே கைதட்டியது. ஷாஜன் பிளானைச் சுருட்டிக்கொண்டு போனான்.

“அது பொதுப்பேச்சு மக்கா. இது எனக்க மவ காரியம்.”

“எல்லா வீட்டுக்கும் ஒரே வேகம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிய. நான் ஒரு வீட்டுக்குக் கூட்டினா மீதி இருபத்திரண்டு வீடும் என்னைய வெளம்பிரும்” என்று ஷாஜன் போனை வைத்துவிட்டான்.

சரி, கூட்ட முடியாவிட்டால் மற்றவர்களைக் குறைக்கச் சொல்லலாம். நேசையன் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாக இறங்கினார்.

“நம்ம பிளஸ்ஸிக்கா? இன்டர்வியூவா?” முதல் வீட்டு சஜின் துள்ளிக் குதித்தான். “இந்தா இப்பமே நிறுத்துதேன் மாமா. துபாயில இருக்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்துதேன்.” வீடியோ காலில் அண்ணன் வந்தான், அண்ணி வந்தாள், அவர்கள் அறைக்குப் பக்கத்து அறைக்காரர்களும் வந்தார்கள். அடுத்த வீட்டில் மஸ்கட். அதற்கடுத்த வீட்டில் குவைத். நல்ல சேதியை முகம் பார்த்துச் சொல்லாவிட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தூக்கம் வராது.

கடைசி வீட்டுப் பூங்கனி வாசலிலேயே விரலை உதட்டில் வைத்தாள்.

“மெதுவா பேசு நேசையா. மருமவன் பெங்களூருல இருந்து வந்திருக்காரு. காதுல பெருசா ஒண்ண மாட்டிட்டுக் கதவ அடைச்சிட்டு இருக்காரு. அதுதான் ஆபீசாம்.”

“ஒரு மணிக்கூர் நெட்ட நிறுத்தச் சொல்லேன் அக்கா.”

“நானா? காப்பி குடுக்கவே கதவத் தட்டப் பயந்துட்டு நிக்கேன்!”

மருமகனிடம் அதைச் செய்யாதே என்று சொல்லும் மாமியார் அந்தத் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. நேசையன் திரும்பி வந்தார். மணி பத்தரை. பிளஸ்ஸியின் திரையில் இப்போது முகமே வரவில்லை.

“அப்பா, நீங்க என்ன செஞ்சிய? முந்தி பாதி வாயாவது தெரிஞ்சுது!”

அவர் கோயிலுக்கு ஓடினார். போதகர் நல்ல மனுஷர். உடனே மைக்கைப் போட்டார்.

“அன்பானவர்களே, பதினொண்ணுல இருந்து பன்னிரெண்டு வரைக்கும் யாரும் நெட்டைத் தொடவேண்டாம். நம்ம நேசையன் மகள் பிளஸ்ஸிக்கு இன்டர்வியூ.” நேசையன் கண்ணில் நீர் வந்துவிட்டது. போதகருக்கும் வந்துவிட்டது. அந்த வேகத்தில் அவர் தொடர்ந்தார்: “அந்தப் பிள்ளைக்காக இப்பமே ஒரு விசேஷ ஜெபம் செய்வோம். வரமுடியாதவங்க நம்ம சபை சேனல்ல நேரலையில பாத்து ஜெபிங்க!”

நேசையன் வாயைத் திறப்பதற்குள் இருபத்திரண்டு வீட்டிலும் நேரலை ஓடியது. ஜெபம் மேலே போனதோ இல்லையோ, நெட்டு கீழே விழுந்தது.

மணி பத்து ஐம்பது. நேசையன் ஏணியை எடுத்தார்.

தெரு முக்குப் போஸ்ட்டில் ஷாஜனின் பெட்டி தொங்கியது. திறந்தால், வயருக்கு வயர் வீட்டுப்பேர் ஒட்டியிருந்தது. பால் வெட்டுகிற கத்தி இடுப்பில் இருந்தாலும் வெட்ட மனம் வரவில்லை. எழுத்துக்கூட்டி வாசித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“சஜினு, மன்னிச்சுக்கிடு.” டக்.

“முத்துக்கனி, கோவப்படாத.” டக்.

கோயில் வயரில் கை நின்றது. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “ஆண்டவரே, ஒரு மணிக்கூர்தான். நீரு நெட்டு இல்லாமலே கேப்பீரே.” டக்.

கடைசியில் பூங்கனி. “மருமவப்பிள்ளைக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?” டக்.

வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடிவந்தார். கல்யாணச் சட்டையில் போஸ்ட்டுத் துரு அப்பியிருந்தது. திரையில் பிளஸ்ஸி, மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிற மாதிரி, கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தாள்.

“அப்பா! என்ன வேகம்! எப்பிடி?”

“பந்தியில இப்பம் நாம மட்டும்தான் மோளே” என்றார் நேசையன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பதினொன்று. பிளஸ்ஸி முதுகை நிமிர்த்தினாள். நேசையன் கதவோரம் மூச்சைப் பிடித்தார். திரையில் அவள் முகம் மட்டும் இருந்தது. பக்கத்துக் கட்டம் கறுப்பாகவே கிடந்தது.

பதினொன்று ஐந்து. “இன்னும் வரல்லப்பா.”

“பெரிய ஆளுக பைய தான் வருவாவ.”

பதினொன்று பத்து. பிளஸ்ஸியின் உதடு துடித்தது. “என்னைய வேண்டாம்னு விட்டுட்டாங்களோ?”

நேசையன் கறுப்புக் கட்டத்தை முறைத்தார். இவ்வளவு வேகத்தைச் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டியும் எதிர்முனையில் ஆள் இல்லையே! என்ன கம்பெனி இது? நேரம் காலம் தெரியாத கம்பெனி!

அப்போது வாசலில் மூச்சிரைக்கக் காலடிச் சத்தம். குடிக்காத காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடியே பூங்கனி வந்து நின்றாள்.

“நேசையா, எந்தப் பாவியோ போஸ்ட்டுல வயரப் புடுங்கிப்போட்டான், மருமவன் அங்க கெடந்து குதிக்காரு, பதினோரு மணிக்கு உனக்க மவ பிளஸ்ஸிய இன்டர்வியூ எடுக்கவேண்டியது அவருதானாம்!”