பாஸ் படிக்கிற மாதிரி ஒரு எக்செல்

மலேசியாவின் ஜோகூரில் வேலைக்குப் போகும் தமிழர்களிடம் ஓர் அசட்டுத் தைரியம் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்றால், அவரைப் பற்றி அவர் முன்னாலேயே பேசலாம் என்பதுதான் அது. எனக்கு அந்தத் தைரியம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். பேசியதோடு நிற்காமல் எழுதியும் வைத்தேன்.

அப்போது பத்து பாகாட் நகரில் தையல் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் இருந்தேன். வாடிக்கையாளர் பெயர், ஊர், வாங்கிய மெஷின், கடைசியாக சர்வீஸ் செய்த தேதி எல்லாம் சி.ஆர்.எம். என்ற மென்பொருளில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதைத் தமிழில் நிரப்பும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் எனக்கு மூத்தவரான சரோ அக்கா.

"தமிழ்லயே எழுதிடு லா வாணி. பாஸுக்கு என்ன தெரியப் போகுது?"

எங்கள் பாஸ் மிஸ்டர் லிம்முக்குத் தெரிந்த தமிழ் 'சாப்பிட்டாச்சா' மட்டும்தான். எனக்கு அது போதாதா? நான்கு வருடம் மனம்விட்டு எழுதித் தள்ளினேன். 'மெஷின் பாக்க வரல, ஏர்கான் குளுகுளுப்புக்கு வர்றார்.' 'ஹலோ சொன்னா ஒரு மணி நேரம் போச்சு, சாப்பிட்டுட்டு போன் பண்ணவும்.' (சரோ அக்கா இவற்றைப் படித்து, கண்ணில் நீர் வரச் சிரிப்பார். எழுத்தாளருக்கு வேறென்ன வேண்டும்?)

இந்த நேரத்தில் கம்பெனி லாபிஸில் புதுக் கிளை திறப்பதாகச் செய்தி வந்தது. அதன் பொறுப்பாளர் பதவி எனக்கு வேண்டும், வேண்டவே வேண்டும். என் வீடு சாஆ என்ற சிற்றூரில். தினமும் செம்பனைக் குலை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பத்து பாகாட் வந்துகொண்டிருந்தேன். லாபிஸ் என்றால் வீட்டிலிருந்து கால் மணி நேரம். பாஸோ ஜோகூர் பாருவிலிருந்து ஆள் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை பாஸ் என்னைக் கூப்பிட்டார். லாபிஸ் இருக்கும் சிகாமட் மாவட்டத்தில், ஒரு வருடமாக சர்வீஸ் செய்யாத வாடிக்கையாளர்களை மட்டும் பிரித்து எக்செல்லில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். புதுக் கிளைக்கு முதல் வேலையே அவர்களைப் பிடிப்பதுதான். முன்பெல்லாம் இந்த மாதிரிப் பட்டியலுக்கு ஒவ்வொரு பெயராகப் பார்த்து, நகலெடுத்து ஒட்டி, இரண்டு நாள் முதுகு ஒடியும். ஆனால் அந்த வாரம்தான் சி.ஆர்.எம்.மில் ஏ.ஐ. உதவியாளர் புதிதாக வந்திருந்தது. என் அதிர்ஷ்டத்தை நினைத்து எனக்கே பொறாமையாக இருந்தது.

மாவட்டத்தைச் சொன்னேன், சர்வீஸ் விவரத்தைச் சொன்னேன். உற்சாகத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: 'ஒரு விவரமும் விடுபடக் கூடாது. என் பாஸ் எல்லாவற்றையும் சுலபமாகப் படிக்கிற மாதிரி செய்து கொடு.' நான் சொன்னது பெரிய எழுத்தை மனதில் வைத்து. பாஸ் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறவர்.

மைலோ கலக்கி முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. அறுபத்து நான்கு பெயர்! நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"அக்கா! வந்துருச்சு! ரெண்டு நாள் வேலைக்கா!"

"செக் பண்ணியா?"

"பேரெல்லாம் பாத்துட்டேன், கரெக்டா இருக்கு!"

பட்டியலுக்குக் கீழே ஏ.ஐ. இரண்டு வரி எழுதியிருந்தது. ஏதோ மரியாதைக்குச் சொல்கிறது என்று நினைத்து, படிக்காமலே பதிலுக்கு நன்றி தட்டிவிட்டு மீட்டிங் ரூமுக்கு ஓடினேன். சரோ அக்காவும் பின்னாலேயே வந்தார்.

பெரிய திரையில் பட்டியல் விரிந்ததும் பாஸ் முகம் மலர்ந்தது. (அவர் மலாய் பாதி, ஆங்கிலம் பாதி பேசுவார். தமிழில் தருகிறேன்.)

"அரை மணி நேரத்துல செஞ்சியா? பிரமாதம் வாணி!"

மனதுக்குள் லாபிஸில் என் மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் திரையை வலப்பக்கம் தள்ளினார். நான் கேட்காத புதுக் கட்டம் ஒன்று அங்கே இருந்தது. 'குறிப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு.' பாஸ் படிக்கிற மாதிரி. நான் படிக்காமல் விட்ட அந்த இரண்டு வரியும் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"அலமாக்!" என்று மலாயில் ஐயையோ போட்டார் சரோ அக்கா.

பாஸ் கண்ணாடியை இறக்கினார். ஏர்கான்காரரைப் படித்தார். ஹலோக்காரரைப் படித்தார். பிறகு முப்பத்தோராவது வரிக்கு வந்தார். லாபிஸில் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கும் மிஸஸ் லிம், அவருடைய சொந்த மனைவி. பாஸ் நிறுத்தி நிதானமாக, உரக்கவே வாசித்தார்.

'பாஸோட வீட்டம்மா. சர்வீஸ் கேட்டு மூணு தடவை போன். பாஸ் நாளைக்கு நாளைக்குங்கறார். எந்தக் காரியம் ஆகணும்னாலும் நேரா இவங்ககிட்ட போறது நல்லது. பாஸ் சும்மா தலையாட்டுவார்.'

சரோ அக்கா கூரையை ஆராய ஆரம்பித்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான் பாஸ்," என்றேன். லாபிஸ் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பாஸ் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அதே வரியை மறுபடி வாசித்தார். புகார் சொல்கிறாராம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், போனே அதிர்ந்தது.

"எழுதின பொண்ணு யாரு? லாபிஸுக்கு அவளைத்தான் போடணும். வரும்போது மெஷின் சர்வீஸுக்கும் ஆள் கூட்டிட்டு வரச் சொல்லு!"

பாஸ் தலையாட்டினார். போனில் தலையாட்டினால் மறுபக்கம் தெரியாது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது.

வேலை கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடிய மாதிரி எல்லாக் குறிப்பையும் மாற்றி எழுத வேண்டும். ஏ.ஐ. மிச்சப்படுத்திக் கொடுத்த இரண்டு நாளும் அதற்கே போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தமிழை மொழிபெயர்க்கும் வித்தை இருப்பது தெரிந்ததும் பேச்சையும் கேட்டு மொழிபெயர்க்கிற ஒன்றை பாஸ் தன் போனிலும் ஏற்றிக்கொண்டார். போன தீபாவளிக்கு மனைவியோடு எங்கள் வீட்டு விருந்துக்கு வந்தவர், போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். என் சித்தி, பரம்பரைத் தைரியத்தோடு, அவருக்கு எதிரிலேயே அம்மாவிடம் சொன்னார்:

"மூணாவது தடவையா ஆட்டுக்கறி போட்டுக்கிறாரு பாரு. வீட்டுல சமைக்கிறதே இல்ல போல, பாவம்."

பாஸ் போனைப் பார்த்தார். சித்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"சமைக்கிறா. ஆனா இவ்வளவு செடாப்பா, ருசியா இருக்காது," என்றார் மலாயில்.

சித்தி அடுப்படிக்குள் ஓடியே போய்விட்டார். இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் இன்றும் சிரிக்கிறோம், சித்தியைப் பார்த்து அல்ல, பாஸைப் பார்த்துத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிஸஸ் லிம்முக்கு மலாயை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.