வெள்ளைக்காரம்மாவுக்கு ஒரு பாழடைந்த வீடு

"இன்னா மாமு, வூட்ட கல்யாண மண்டபம் மாரி வெச்சிகினுகீற? இத்தப் பாத்தா வெள்ளக்காரம்மா அப்டியே வண்டியத் திருப்பிகினு போய்டும்!"

கூட்டாளி மனோகரன் சொன்னதும் கஸ்பார் தெருவில் இறங்கி வீட்டு முகப்பை அண்ணாந்து பார்த்தார். ராயபுரத்தில் அவருடையது தாத்தா காலத்து வீடு. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று உதவுகிறதாம். அதற்காக நாளைக் காலையில் வீட்டைப் பார்க்க ஒரு வெள்ளைக்கார அம்மா நேரில் வருகிறார். வீட்டுக் கூரையோ ஒழுகுகிறது, அதுவும் மகள் ஹெப்சிபா பிரசவத்துக்கு வந்து படுக்கப்போகிற அறையில்தான் அதிகம். மழைக்கு முன்னால் கூரை சரியாகாவிட்டால் மனைவி ஹில்டா அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

பாழாய்ப்போன நேரம், போன வாரம்தான் மாதா திருவிழாவுக்காக முகப்புச் சுவருக்கு நீலம் பூசியிருந்தார். தெருவே டப்பா பெயிண்டுக்கு மாறிவிட்டது. கஸ்பார் மட்டும் அவர் அப்பா செய்தது போலவே சுண்ணாம்பை ஊறவைத்து, நீலப்பொடி கலந்து, தானே ஏணி ஏறிப் பூசுவார். "கஞ்சப் பிசினாறி" என்று ஹில்டா வருஷா வருஷம் ஏணிக்குக் கீழே நின்று திட்டுவாள்.

"இப்ப இன்னாடா பண்றது?"

"பாழாக்கணும் மாமு. எவ்ளோ பாழோ, அவ்ளோ ஒதவி."

மனோகரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று கஸ்பாருக்கு ஒரு நம்பிக்கை.

முதலில் ஒரு வாளி டீ டிக்காஷனைச் சுவரில் ஊற்றினார்கள். கறைபடியும் என்று பார்த்தால், சுண்ணாம்பு அதை உறிஞ்சிக்கொண்டு பச்சைப்பயறு நிறத்தில் ஜம்மென்று நின்றது.

எதிர்வீட்டு ஹஃப்சா எட்டிப் பார்த்தாள். "அங்கிள், சூப்பர் கலரு! எந்தக் கடையில வாங்கினீங்க?"

"பேஜாரா போச்சேடா! சொரண்டுடா!" என்றார் கஸ்பார்.

மனோகரன் கொத்துக்கரண்டியோடும் கஸ்பார் தோசைத் திருப்பியோடும் சுவரின் மேல் பாய்ந்தார்கள்.

"யோவ், அது என் தோசத் திருப்பி!" என்று உள்ளேயிருந்து ஹில்டா அலறினாள்.

"உன் பொண்ணுக்காவத்தான் சொரண்டறேன், கம்முனு இரு!"

சாயங்காலத்துக்குள் மொத்தச் சுவரையும் சுரண்டிவிட்டார்கள். உள்ளே செங்கல் என்னடாவென்றால், நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது மாதிரி சிவப்பாக, ஆரோக்கியமாகச் சிரித்தது. தாத்தா மேல் கஸ்பாருக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கோபம் வந்தது.

"அரசஞ்செடி மாமு!" என்றான் மனோகரன். "செடி மொளச்ச சொவருன்னா எவனுக்கும் பாவமா இருக்கும்."

ரயில்வே மதில் இடுக்கிலிருந்து ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். நடுவதற்குத்தான் விரிசல் இல்லை. மனோகரன் சுத்தியலை ஓங்கி ஒரு போடு போட்டான். சுவர் அசையவில்லை. மேலே இருந்த சன்ஷேடுதான் பெயர்ந்து, கீழே நின்ற அவனுடைய புது பைக்கின் மேல் விழுந்தது.

"என் வண்டி!"

"அது கெடக்குது விடு. இப்பப் பாரு, சொவரு இன்னா லட்சணமா கீது!" என்று கஸ்பார் பூரித்துப் போனார்.

மறுநாள் காலை அந்த அம்மா காரைவிட்டு இறங்கினார். கூடவே மொழிபெயர்க்க, தண்டையார்பேட்டைப் பெண் ரூஹி. அம்மா சுவரைப் பார்த்தார். கீழே கிடந்த நீலச் சுண்ணாம்புத் துண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

கஸ்பார் மனோகரனை இடித்தார். "அழுவுது பாருடா! மேட்டர் ஓவரு. ஹில்டா, ஹெப்சிக்கு போன் போடு, கூர ரெடின்னு சொல்லு!"

அந்த அம்மா ரூஹியிடம் ஏதோ சொன்னார். ரூஹி கஸ்பார் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், போன வருஷ மாதா தேர் போட்டோவுல உங்க நீலச் சொவரப் பாத்துட்டு மேடம் உங்க கூரைக்கு அப்பவே ஓகே பண்ணிட்டாங்களாம், இந்த ஏரியாவுலயே பழைய மாரி சுண்ணாம்புல நீலம் கலந்து பூசுன சொவரு இது ஒண்ணுதான் பாக்கியாம், அத்தக் காப்பாத்தத்தான் ஒதவியே, அந்த சொவரு எங்கனு கேக்குறாங்க!"