ஏழாம் இடத்துச் சேறு

'சளக்' என்று ஒரு சத்தம். நீர்க்காகத்தின் கல்யாண மோதிரம் உறிஞ்சுகுழாய்க்குள் போய்விட்டது.

ஏரிக்கடியில் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தான் அவன். நாளெல்லாம் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு நீர்க்காகம் என்று பேர். காற்றைத் திறந்துவிட்டால் போதும், ஆளுயரமுள்ள அந்தக் குழாய் அடிச்சேற்றைப் புழு, பூச்சி, நத்தையோடு உறிஞ்சி, மேல்முனையில் கட்டியிருக்கும் வலைப்பையில் தள்ளிவிடும். குழாயின் வாயை ஒரு நத்தை அடைத்துக்கொண்டதே என்று கையுறையைக் கழற்றி விரலை விட்டான். குளிரில் விரல் சுருங்கியிருந்தது. நத்தையும் போனது, மோதிரமும் போனது.

எங்கே போயிருக்கும், பையில்தான் இருக்கும். அவன் பயமே அதுதான். அந்தப் பையைத் தட்டில் கொட்டி, இடுக்கியால் புழுப்புழுவாகப் பொறுக்கி எண்ணப்போவது ஆய்வகத் தலைவி. தலைவி அவன் பெண்டாட்டி.

முதல் மோதிரத்தை இதே ஏரியில் தொலைத்தபோது மூன்று மாதம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாவதைப் போட்டுவிடும்போதே சொல்லிவிட்டாள்: "இதுவும் தொலைஞ்சுதுன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பையின் வாயை அவிழ்த்துத் துழாவினான். பாதிச் சேறு வெளியே கொட்டி, தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. மோதிரம் உள்ளே இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா? கொட்டியதையெல்லாம் இன்னொரு பையில் மறுபடி உறிஞ்சினான். இப்போது ஒரு மோதிரத்துக்கு இரண்டு பை.

படகில் ஏறியதும் படகோட்டி கேட்டான்: "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. இந்தப் பைய ஒரு தடவ அலசிட்டுக் குடுத்துடலாமா?"

"ஐயையோ! ஏழாம் இடத்துப் பைய தான் மட்டும்தான் பிரிப்பேன்னு அண்ணி சொல்லியிருக்காங்கல்ல? கைய எடுங்கண்ணே."

"சேறு எடுக்க இருபது இடம் இருக்கு. நாலு நாளா அங்கயே முங்கச் சொல்றா. அப்படி என்னதான்யா இருக்கு?"

"ஏதோ அபூர்வமானதாம்" என்றான் படகோட்டி. மேலே ஏதோ சொல்ல வந்தவன் வாயை மூடிக்கொண்டு துடுப்பை எடுத்தான்.

கரையிலேயே காத்துக்கொண்டிருந்தாள் அவள். "ரெண்டு பையா! நல்லதாப் போச்சு!" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

அவனும் பின்னாலேயே ஆய்வகத்துக்குள் ஓடினான். "நானும் பொறுக்கறேன், மேடம்." வேலை நேரத்தில் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"பத்து வருஷமா புழுவக் கண்டா அலறி ஓடுவீங்க. இன்னைக்கு என்ன திடீர்னு?"

"ஒரு ஆர்வம்தான்."

"ஒரு ஆர்வமும் வேண்டாம். வெளிய போங்க."

முதல் பையை அவள் தட்டில் கொட்டினாள். இனி பொறுத்தால் குடும்பமே போச்சு என்று சேற்றுக்குள் கையை விட்டான். உள்ளே இருந்த நண்டு நறுக்கென்று கடித்தது.

"ஆ!"

"எந்தக் கை? காட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா." மேடம் மறந்தே போய்விட்டது.

"கையக் காட்டுங்கன்னா!"

அவன் கையைப் பின்னால் ஒளித்தான். அவளுடைய கையுறைக் கை எட்டி அவன் தோளைப் பிடித்தது. மருந்து பட்டுத் தோல் உரிகிறதென்று ஒரு வாரமாக வீட்டில்கூட அவள் அந்த உறையைக் கழற்றவில்லை. திமிறிக்கொண்டு விலகினான். முழங்கை இடித்துத் தட்டு கவிழ்ந்தது. ஏழாம் இடத்துச் சேறு முழுக்கத் தரையில்.

இன்றைக்குச் செத்தோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டான். திட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் மண்டி போட்டுச் சேற்றை அளைந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"யாரும் நகராதீங்க! மிதிச்சிடாதீங்க!"

அவனும் மண்டி போட்டான். வாளி கொண்டுவந்த படகோட்டியும் மண்டி போட்டான். புழுக்கள் பாட்டுக்கு நெளிந்துகொண்டிருந்தன. மூன்று பேரும் தரையைத் தடவினார்கள்.

'டிங்.'

மேஜைக் காலில் மோதி நின்றது மோதிரம். அவன் பாய்வதற்குள் அவள் பாய்ந்துவிட்டாள்.

"கிடைச்சிருச்சு!" என்று சின்னப் பிள்ளைபோலக் கூவினாள். சேற்றைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. "என்னோடதுதான்மா. காலைல குழாய்க்குள்ள போயிடுச்சு. என்ன வேணா திட்டு. அம்மா வீட்டுக்கு மட்டும் போயிடாத!"

அவள் மோதிரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், இன்னும் பிரிக்காத இரண்டாவது பையைப் பார்த்தாள். கண் கலங்கியது. அவள் திட்டாமல் இருந்ததுதான் அவனுக்கு உயிர் போகிற பயமாக இருந்தது.

படகோட்டி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"அண்ணி, இனிமேலும் மறைச்சு என்ன ஆகப்போகுது? போன வாரம் ஏழாம் இடத்துல படகுலேர்ந்து கை கழுவும்போது உங்க மோதிரம் விழுந்ததையும் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, பாவம் மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் முங்குவாரு?"