அடுத்தவர் வயிற்றுக்கு ஒரு சூப்பர்வைசர்

சம்பளம் கிடையாது, வார விடுமுறையும் கிடையாது; ஆனாலும் ஒரு நாள்கூட வேலை தவறாத சூப்பர்வைசர் இனம் ஒன்று நம்மிடையே உண்டு. கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிய பெண் எங்கே நின்றாலும், முகத்தைப் பார்க்குமுன் வயிற்றைப் பார்த்துவிட்டு, பப்பாளி சாப்பிடுகிறாயா என்று ஆரம்பித்து, வாசற்கதவு எந்தத் திசை என்று விசாரித்து, புருஷன் பைக்கில் எத்தனை மணி நேரம் உட்காருகிறான் என்பதில் வந்து முடிக்கிற இனம். படித்தவர்களா? பாதி. எதில் பாதி? எல்லாவற்றிலும்.

மண்ணூரிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் இந்த இனத்தின் தலைமைப் பதவி காந்திமதி அக்காவுடையது. அவருக்குப் பக்கத்துச் சீட்டில் மாட்டிக்கொண்டவள் வினோதினி.

வினோதினிக்கு இது மூன்றாவது சோதனைக்குழாய்க் குழந்தை முயற்சி. முதல் இரண்டு தடவையும் ஆய்வகத்தில் ஒரு கருவும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. இதுதான் கடைசி என்று அவளும் கணவன் ரஞ்சித்தும் பேசி முடித்திருந்தார்கள். டாக்டர் இந்த முறை நைட் ஷிப்டை நிறுத்தச் சொன்னார். மெலடோனின் என்று ஒரு மாத்திரையும் எழுதினார். இருட்டில் மூளை சுரக்கும் பொருள் அது. சினைமுட்டை முதிரும் நீரிலும் இருக்கிறது. முட்டை சிதையாமல் காக்கும். கரு முதல் சில நாள் வளரவும் உதவலாம்.

"உதவலாம்னுதான் சொல்றேன்மா. உறுதியா சொல்ற அளவுக்கு இன்னும் தெரியாது."

டாக்டருக்குத் தெரியாது. காந்திமதி அக்காவுக்குத் தெரியும்.

"இன்னாடி மாத்திரை அது?" பையிலிருந்து எட்டிப்பார்த்த அட்டையை அவரே உருவினார். "மெலனினா? அய்யய்யோ, அது கருப்பு கலர் சமாச்சாரம். கொயந்த அட்டக்கரியா பொறக்கும்!"

"அக்கா, அது மெலனின். இது மெலடோனின்."

"நடுவுல ஒரு 'டோ' போட்டா செவப்பாயிடுமா?"

முன்சீட்டு ஜோயல் செல்போனைத் தடவி, "இருட்டுல தானா சுரக்குமாம் க்கா. பிஸ்தாவுலகூட கீதாம்" என்றான்.

அவ்வளவுதான். காலை ஆறரை மணி வெயிலில் ஜன்னல் திரை இழுக்கப்பட்டது. வினோதினியின் தலைமேல் அவள் துப்பட்டாவே போர்த்தப்பட்டது. "அப்டியே குந்திகினு இரு. சுரக்கட்டும்" என்று உத்தரவு. ஒரகடம் வரும்வரை, கூண்டில் அடைத்துத் துணி மூடிய கிளிபோல அவள் சுரந்துகொண்டே வந்தாள். நடுவில் துப்பட்டாவுக்குள் ஒரு கை நுழைந்து இரண்டு பிஸ்தாவைக் கொடுத்தது. மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வரக் கற்றுக்கொண்டாள்.

ஒன்பது முட்டை எடுத்தார்கள். ஆறு முதிர்ந்திருந்தன, நான்கு கருவாயின. ஐந்தாம் நாள் மாலை, திரும்பும் பஸ்ஸில் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது: இரண்டு கருக்கள் மூன்றாம் நாளைத் தாண்டிவிட்டன. வினோதினிக்கு மூச்சே வரவில்லை. போனின் முதுகில் காதை ஒட்டவைத்திருந்த அக்காவுக்கு நன்றாக வந்தது.

"ஒம்போதுல ரெண்டா? ஏழு ரிஜெக்டா? இவ்ளோ ரிஜெக்‌ஷன் வந்தா நம்ம லைன்ல மெமோ குடுத்துருவான்டி!"

பஸ்ஸே சிரித்தது. வினோதினி சிரிக்கவில்லை. முந்தைய இரண்டு தடவையும் மூன்றாம் நாளைத் தாண்டாதவற்றுக்கு, ரஞ்சித்துக்கும் தெரியாமல், ஒவ்வொன்றாகப் பெயர் வைத்திருந்தாள். எழுந்து கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"இன்னா சொல்லிட்டேன் இப்போ?" என்றார் அக்கா. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அந்த இனத்துக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான்.

கரு வைத்து இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. மறுநாள் காலை அவள் ஏறியதும் பஸ் மொத்தமும் திரும்பியது.

"இன்னாடி ரிசல்ட்டு?"

"சொல்ல வேண்டியவங்க கிட்ட சொல்லிட்டேன் க்கா."

"அப்ப நாங்கல்லாம் யாரு?"

"ஒரே பஸ்ல போறவங்க க்கா" என்றாள் வினோதினி, தணிந்த குரலில்; நேரே கடைசி வரிசைக்குப் போனாள்.

சரி, பெரியோர்களே, நீங்கள் ஏன் இப்படி முகத்தை முன்னால் நீட்டுகிறீர்கள்? நின்றதா, நிற்கவில்லையா என்றுதானே? காந்திமதி அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சீட் காலியாக இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள்.