கட்டாயம் அண்ணையின் பரீட்சை

மன்னாருக்கு வந்த எவரையும் மன்னாரைப் பார்க்காமல் திரும்பவிடாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான். பள்ளிமுனையில் ஓட்டோ ஓடுகிறார். எதைக் காட்டினாலும் "இது கட்டாயம் பாக்கவேணும்" என்பார். அதனால் ஊரில் அவருக்குக் கட்டாயம் என்றே பெயர். சொந்தப் பெயரை நானும் கேட்டதில்லை.

நான் பஸ்ஸால் இறங்கியது கோட்டை பார்க்க அல்ல. தலைமன்னாரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். இரண்டு மணிக்குள் கந்தோரில் மனேச்சருக்கு முன்னால் நிற்கவேண்டும். மூன்று நாளாகப் பேக்கரிப் பணிசும் பிளேன்ரீயும்தான் சாப்பாடு. இந்த வேலையும் போனால் அதுவும் இல்லை.

பஸ் நிலையத்தில் கட்டாயம் அண்ணையின் ஓட்டோவில் ஏறி, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நேரே கோட்டைக்குள் கொண்டுபோய் இறக்கினார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பார்த்த இடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னால்தான் ஓட்டோ வெளிக்கிடும். பதில் பிழைத்தால் முதலிலிருந்து பார்க்கவேண்டும். எட்டாம் வகுப்போடு பரீட்சைக்குத் தப்பி ஓடியவன் நான். ஒல்லாந்தர் கோட்டையில் மறுபடி பிடிபட்டேன்.

"எத்தினை கொத்தளம்?"

"நாலு."

"கெட்டிக்காரன். ஏறும்."

அடுத்தது பள்ளிமுனைப் பெருக்கமரம், பத்துப் பேர் கைகோர்த்தாலும் வளைக்க முடியாத அடிமரம். அதை ஒருமுறை சுற்றிவர எத்தனை அடி வைத்தேன் என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். எண்ணிக்கொண்டு மறுபடி சுற்றினேன். தலைமன்னார் வீதியில் ஒரு கழுதை குறுக்கே நின்றது. கட்டாயம் அண்ணை ஹோன் அடிக்கவில்லை. நாங்கள் வரமுன்னமே அது இங்கே இருக்கிறது என்று சொல்லி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கழுதைக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

கந்தோருக்குப் போனபோது மூன்றரை. மனேச்சர் மலைநாட்டுக்காரர், மன்னாருக்கு வந்து ஆறு மாதம். தலை நிமிராமலே சொன்னார்: "ரெண்டு மணின்னா ரெண்டு மணி. நீங்க போகலாம்."

கட்டாயம் அண்ணை எனக்காகக் கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் என்னை அடியோடு மறந்துவிட்டார். மனேச்சரையே உற்றுப் பார்த்தார்.

"ஐயா, கோட்டை பாத்தனீங்களோ?"

"எங்க நேரம்? பஸ்ல வரும்போது பாத்ததுதான்."

செத்தவீட்டுச் செய்தி கேட்டதுபோலக் கட்டாயம் அண்ணையின் முகம் மாறியது. "ஆறு மாசமா இங்க இருந்துகொண்டு பஸ்ஸுக்குள்ளால பாத்தனீங்களோ? எழும்புங்கோ."

மனேச்சர் ஏதேதோ காரணம் சொன்னார். கட்டாயம் அண்ணை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கால்மணி நேரத்தில் ஓட்டோ மனேச்சரை ஏற்றிக்கொண்டு கோட்டைக்குப் போனது.

எனக்குப் போக இடமில்லை. அங்கிருந்த மரவாங்கில் குந்தியிருந்தேன். ஐஸ் ஏற்ற லொறி வந்தது, ஆள் போதவில்லை. எழுந்துபோய்க் கட்டிகளைத் தூக்கினேன். கை மரத்துப்போனது. மற்றபடி பழகிய வேலைதான்.

பொழுது சாய மனேச்சர் வந்தார். காற்சட்டை முழுக்க நாயுருவி முள் ஒட்டியிருந்தது. நனைந்த சேர்ட்டோடு நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொத்தளம் மூணுன்னு சொல்லிட்டேன். மறுபடியும் சுத்த வச்சிட்டாரு" என்றார். பிறகு, "காலையில ஏழு மணிக்கு வந்துருங்க. தனியா வாங்க."

ஒரு வருடம் அங்கே வேலை செய்தேன். லீவு நாட்களில் கட்டாயம் அண்ணை பேசாலை, அரிப்பு, திருக்கேதீச்சரம் எல்லாம் காட்டிப் பரீட்சை வைத்தார். பிறகு என் கால் வழக்கம்போல ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்றது. பஸ் நிலையம்வரை அவர்தான் கொண்டுவந்து விட்டார்.

"முள்ளிக்குளம் மட்டும் காட்டேல்லையே, அண்ணை?"

"அது இருக்கட்டும். அடுத்தமுறை வரேக்கை பாப்பம்."

அதற்குப் பிறகு நானும் நான்கு தடவை மன்னாருக்குப் போய்வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். முள்ளிக்குளத்துக்கு பஸ் ஓடுகிறது, நானே ஏறிப் போகலாம். இன்னும் ஏறவில்லை.