நான்கு வருட அனுபவமின்மை

வேலை செய்வதால் அனுபவம் வருகிறது என்றொரு நம்பிக்கை மட்டக்களப்பு மாவட்டத்தில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். பொதுநலன் கருதி அதை இங்கே திருத்தி வைக்கவேண்டியிருக்கிறது. வேலை செய்வதால் வருவது களைப்பு. சிலருக்கு முதுகுவலியும் வரும். அனுபவம் கடிதத்தால் மட்டுமே வருகிறது. அக்கடிதத்தில் நீல மையில் ஒப்பமும், வட்டமான இறப்பர் முத்திரையும் இருத்தல் அவசியம். நீள்சதுர முத்திரையால் அனுபவம் வருமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வுண்மை கல்லடியில் நிரூபிக்கப்பட்ட விதம் பின்வருமாறு.

நீர்மட்டம் டெக்னோலஜிஸ் மிக வேகமாக வளர்ந்துவரும் நிறுவனம். ஒரே வருடத்தில் அங்கே நான்கு பதவிகள் பதினேழாகின. ஆட்கள் என்னவோ ஆறு பேர்தான். ஆனால் வளர்ச்சியை ஆட்களைக் கொண்டு அளப்பது பழைய முறை. மனிதவள முகாமையாளர், கலாசார முகாமையாளர், மகிழ்ச்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஆகிய மூன்று பதவிகளையும் உதயரூபன் என்பவர் வகித்தார். தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்துக் கூட்டம் நடத்துபவர் அவரே. நின்றுகொண்டு பேசினால் கூட்டம் சீக்கிரம் முடியும் என்பது வெளிநாட்டு முறை. முக்கால் மணித்தியாலம் நிற்பார்கள்.

நிறுவனத்தின் ஒரே உற்பத்தி ‘அரிவாள்’ என்ற கைப்பேசிச் செயலி. விவசாயி அதில் தன் வயல் இருக்கும் இடத்தையும் திகதியையும் போட்டால் நெல் வெட்டும் மெசின் அங்கே வரும். அதை எழுதியவள் நாவற்குடா விதுர்ஷா. பழுதானால் திருத்துபவளும் அவளே. நான்கு வருடமாக அவள் பயிலுனர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய பயிற்சி நீடிக்கப்படும். நிரந்தர நியமனம் எப்போது என்று அவள் கேட்கும்போதெல்லாம், நிறுவனம் வளரட்டும் என்றார்கள். அவளும் காத்திருந்தாள். நிறுவனம் வளர்ந்தது, அதுதான் வினையாயிற்று.

கொழும்பிலிருந்து வந்த முதலீட்டாளர் ஒருவர், இப்படி வளரும் நிறுவனத்துக்கு அனுபவமுள்ள தகவல் தொழினுட்ப ஆளணி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே விளம்பரம் வெளியானது. ‘சிரேஷ்ட ஒழுங்கமைப்புப் பொறியியலாளர். வெட்டுமெசின்களை இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஒழுங்குபடுத்தல். அனுபவம் ஐந்து வருடத்துக்குக் குறையலாகாது.’

விதுர்ஷா விளம்பரத்தைக் கொண்டுபோய் உதயரூபனிடம் காட்டினாள்.

“சேர், இது நான் செய்யிற வேலைதானே?”

“ஓம். அதனாலதான் விளம்பரம் எழுதச் சுகமா இருந்திச்சு.”

“அப்ப எனக்கே தரலாமே?”

“உங்களுக்கு அனுபவம் இல்லையே, விதுர்ஷா.”

“நாலு வருஷமாச் செய்யிறன், சேர்.”

“நாலு வருஷமாப் பயிற்சி எடுக்கிறீங்க. பயிற்சி எண்டா அனுபவம் இல்லாத ஆளுக்குக் குடுக்கிறது. நாலு வருஷமாக் குடுத்தும் முடியல்ல எண்டா, எவ்வளவு அனுபவம் இல்லாம இருந்திருப்பீங்க எண்டு நீங்களே யோசிங்க.”

விதுர்ஷா யோசித்தாள். தர்க்கத்தில் பிழை தென்படவில்லை.

“இந்த நாலு வருஷத்துக்கு ஒரு கடிதமாவது தருவீங்களா?”

“தொழினுட்பத்தில உங்களுக்கு மேல இருக்கிற ஆள்தான் ஒப்பம் வைக்கணும். உங்களுக்கு மேல ஆரு இருந்தது?”

“ஒருத்தரும் இல்ல.”

“பாத்தீங்களா.”

நேர்முகப் பரீட்சைக்கு நால்வர் வந்தார்கள். ஒருவருக்கு மெய்யாகவே பத்து வருட அனுபவம் இருந்தது. அந்த அனுபவம் காரணமாக, அவர் காலைக் கூட்டத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மற்ற மூவரிடமும் கடிதம் இருக்கவில்லை.

ஐந்தாவதாக வந்தவர் பழுகாமத்துக் கந்தப்போடியார். அவர் வேலை கேட்டு வரவில்லை, முறையிட வந்தார். முதலீட்டாளர் பார்க்கட்டும் என்று செயலியின் வரைபடத்தை உதயரூபன் அழகுபடுத்தச் சொன்னதில், பழுகாமத்து வயல்கள் சில வாவியின் நடுவே போய்விட்டன. கந்தப்போடியார் பதிந்த மெசின் கட்டளைக்குப் பணிந்து வாவிக்கரையில் இரண்டு நாள் நின்றது.

வாசலில் அவரிடம் ஐந்தாம் இலக்கம் எழுதிய துண்டைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். வரிசை எதற்கென்று கேட்பவன் வரிசையை இழப்பான் என்பதை அரசாங்கக் கச்சேரி வரிசைகளில் நாற்பது வருடமாகக் கற்றவர் அவர். கையில் பிளாஸ்டிக் கோப்பு. வாழ்க்கையில் தனக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தார். எந்தக் கந்தோருக்கு எந்தக் கடிதம் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

உள்ளே உதயரூபனும் நிறைவேற்றுப் பணிப்பாளர் நிலோஜனும் இருந்தார்கள். முறைப்பாடு கேட்க இரண்டு பேர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருப்பது கந்தப்போடியாருக்குத் திருப்தியாக இருந்தது.

“இந்தத் துறையில எவ்வளவு காலம்?” என்று கேட்டார் உதயரூபன்.

“வட்டைவிதானையா முப்பத்தொரு வருஷம், மனே. எங்கட வட்டையில உள்ள வயல் முழுக்கத் தண்ணிய முறை வெச்சு விடுறதும் நான்தான், மெசினுக்கு முறை வெக்கிறதும் நான்தான்.” சொல்லிக்கொண்டே விவசாயிகள் அமைப்பின் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

நிலோஜன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை வட்டமாக இருந்தது.

“அழுத்தம் கூடின இடத்தில வேலை செய்வீங்களா?”

“ஒரு வாய்க்கால் தண்ணி. எழுபது பேர். எழுபது பேர்ட கையிலயும் மண்வெட்டி. நீங்களே சொல்லுங்க.”

“உங்கட பலவீனம்?”

“முழங்கால்.”

“இன்னும் அஞ்சு வருஷத்தில உங்களை எங்க காணுறீங்க?”

“மெசின் இப்பிடியே வராம இருந்தா, உங்கட வாசலிலதான்.”

நீண்டகாலப் பற்றுறுதி உடையவர் என்று நிலோஜன் குறித்துக்கொண்டார்.

“கணினி?”

“அதத் தொடவே மாட்டன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அறிந்த சிரேஷ்டமானவர்கள் எவரும் கணினியைத் தொடுவதில்லை; ஆனால் நேர்முகப் பரீட்சையிலேயே அதைச் சொல்லும் துணிவு அந்தச் சிரேஷ்டர்களில் எவருக்கும் இருந்ததில்லை.

“அப்ப எனக்கு மெசின் எப்ப வரும்?” என்றார் கந்தப்போடியார்.

“அத இனி நீங்கதான் தீர்மானிக்கணும், ஐயா.”

தன் முறைப்பாட்டுக்கு எந்தக் கந்தோரும் இவ்வளவு சிறப்பாகப் பதிலளித்ததில்லை என்று கந்தப்போடியார் நினைத்தார். காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்தார்.

அவரைச் சிரேஷ்ட பொறியியலாளருக்குரிய ஏசி அறையில் இருத்தி ஒரு மணித்தியாலம் கழிந்ததும், தட்டச்சுச் செய்த கடிதத்தோடு விதுர்ஷா வந்தாள்.

“ஐயா, இப்ப நீங்கதான் எனக்கு மேல. இதில ஒப்பம் வேணும்.”

“நான் உங்களக் கண்டதே இப்பதானே, மகள்.”

“நாலு வருஷம் இஞ்ச வேலை செஞ்சன் எண்டு எழுதியிருக்கு. உண்மைதான்.”

“உண்மையெண்டா என்னத்துக்குக் கடிதம்?”

அவள் நீல மைப் பேனையை நீட்டினாள். அவர் ஒப்பம் வைத்தார். முத்திரையை அவளே குத்திக்கொண்டாள்.

கடிதத்தை வாசித்த உதயரூபன் எழுந்து நின்று கைகொடுத்தார். “வாழ்த்துகள். இப்ப உங்களுக்கு நாலு வருஷ அனுபவம் இருக்கு.”

“அப்ப நிரந்தரமாக்குவீங்களா? பதவி எத்தினையோ வெறுமையாக் கிடக்கு.”

“கிடக்கு. எல்லாத்துக்கும் அஞ்சு வேணும்.”

“சரி சேர். இன்னும் ஒரு வருஷம் பயிலுனரா இருக்கிறன்.”

“அதுதான் ஏலாது. அனுபவம் உள்ள ஆளைப் பயிலுனரா வெச்சிருக்க எங்கட விதியில இடமில்ல. காலமை வரைக்கும் உங்களுக்கு அனுபவம் இருக்கல்ல, பிரச்சினையும் இருக்கல்ல. இப்ப கையில கடிதம்.”

மகிழ்ச்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் என்ற வகையில் பின்னேரம் அவரே கேக் வாங்கிவந்து வெட்டினார். விதுர்ஷா தன் தேநீர்க் கோப்பையைப் பையில் வைத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போனாள்.

கச்சேரிக்குப் போகும் வழியில் முகைதீன்பாவா போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தார். விதுர்ஷா அங்கே வேலை கேட்டுப் போய், கடிதம் இருந்த கோப்பைத் திறக்கப் போனபோது அவர் கையை அசைத்தார்.

“அது கிடக்கட்டும் புள்ள. தமிழ் டைப் வருமா?”

“வரும்.”

“அப்ப இருங்க.”

முதல் நாள் அவள் தட்டச்சுச் செய்தவற்றுள் எட்டு அனுபவக் கடிதங்கள் இருந்தன. அவளுடைய கடிதங்களுக்கு எந்தக் கந்தோரும் குறை சொல்வதில்லை என்ற செய்தி ஏறாவூர் வரைக்கும் பரவிற்று. இரண்டாம் கிழமையில் அவள் இலக்கத் துண்டு கொடுக்கத் தொடங்கினாள்.

அதே இரண்டாம் கிழமையில் ‘அரிவாள்’ நின்றது. காலைக் கூட்டத்தை ஒன்றரை மணித்தியாலமாக நீடித்தும் அது ஓடவில்லை. கந்தப்போடியார் பழைய கொப்பி ஒன்றைப் பார்த்து, மெசின்காரர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து முறை வைத்தார். மெசின்கள் போயின. நிறுவனம் இதனை ‘அரிவாள்: இரண்டாம் பதிப்பு’ என்று அறிவித்தது. முதலீட்டாளர் பாராட்டி எழுதினார்.

முறைப்படி ஒரு வியாழக்கிழமை கந்தப்போடியாரின் சொந்த வயலுக்கும் மெசின் வந்தது. ஓட்டிவந்தவர் ஏறாவூர் றிப்ஷான். கந்தப்போடியார் கழுத்தில் நிறுவன அட்டையோடு வரம்பில் நின்றார்.

“தம்பி, அனுபவக் கடிதம் இருக்கா?”

றிப்ஷான் சிரித்தார். “என்ன விதானையார், ஒம்பது வருஷமா உங்கட வயல நான்தானே வெட்டுறன்.”

“வெட்டினது எனக்குத் தெரியும், மனே. அதுக்குக் கடிதம் இருக்கா எண்டுதான் கேக்கிறன்.”

“அப்ப நீங்களே ஒண்டு எழுதித் தாங்க.”

“ஆள எடுக்கிறது நான். நானே குடுத்தா முறையில்ல. மெசின் முதலாளிட்ட எடுங்க. முத்திரை வட்டமா இருக்கணும்.”

றிப்ஷான் மெசினை வரம்போரம் நிறுத்தினார். முதலாளிக்கு எழுத்து வராது. ஒப்பம் மட்டும் வரும். ஆகவே அவர் மோட்டார் சைக்கிளில் முகைதீன்பாவாவின் கடைக்குப் போனார். அவருக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள்.

“வயல் விளைஞ்சு நிக்கிது, தங்கச்சி. மெசின் வரம்பில நிக்கிது.”

“எல்லாருக்கும் அவசரம்தான், நானா” என்று விதுர்ஷா அவருக்குத் திங்கட்கிழமைக்கு ஓர் இலக்கம் கொடுத்தாள்.

மழை சனிக்கிழமை பெய்தது.